இடுப்பில் இருக்கும் உலோகத்துக்குக் கணக்கு யாரிடம்?

2019 ஜனவரி. மெல்போர்னில் செய்தியாளர்கள் முன் வந்து அமர்ந்த ஆண்டி மர்ரிக்குப் பேச்சு வரவில்லை. எழுந்து போய், தேற்றிக்கொண்டு திரும்பி வந்தார். சாக்ஸ் மாட்டும்போதுகூட இடுப்பு வலிக்கிறது என்றார். டென்னிஸ் ரசிகர்கள் அவருக்கு விடை கொடுத்தே விட்டார்கள். அந்த மாதக் கடைசியில் லண்டனில் அவருக்கு இடுப்பு ‘ரீசர்ஃபேசிங்’ அறுவை சிகிச்சை நடந்தது. அக்டோபரில் ஆண்ட்வெர்ப் இறுதிப் போட்டியில் வாவ்ரிங்காவை வீழ்த்திக் கோப்பையோடு நின்றார்.

அதே ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வேறொரு காட்சி. இடுப்பில் பொருத்திய செயற்கை மூட்டு பழுதாகி மறுபடியும் கத்திக்குப் போன 67 பேருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் கொடுக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சம்மதித்தது. அவர்கள் உடம்பில் இருந்தது அந்த நிறுவனத்தின் கிளையான டீப்யூ தயாரித்த ‘ஏ.எஸ்.ஆர்.’ என்ற உலோக மூட்டு. அதுவும் ரீசர்ஃபேசிங் குடும்பத்தில் பிறந்ததுதான்.

ஒருவருக்குக் கோப்பை, இன்னொருவருக்கு வழக்கு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, ரீசர்ஃபேசிங் நல்லதா, முழு மூட்டு மாற்று நல்லதா என்பதாகத்தான் இருக்கும். மருத்துவரின் அறைக்குள் நுழையும் நோயாளிகளும் அதையே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லத் தேவையான கணக்கு இந்தியாவில் முழுமையாக யாரிடமும் இல்லை. ஏ.எஸ்.ஆர். விவகாரம் இங்கே இவ்வளவு மோசமாக முடிந்ததற்கு அந்த உலோகம் எவ்வளவு காரணமோ, அந்தக் கணக்கில்லாமையும் அவ்வளவு காரணம்.

தொடை எலும்பின் உச்சியில் பந்து போன்ற ஒரு தலை இருக்கிறது. இடுப்பெலும்பில் அதைத் தாங்கும் கிண்ணம். இரண்டுக்கும் நடுவில் வழவழப்பான குருத்தெலும்பு. அது தேய்ந்துபோனாலோ, ரத்த ஓட்டம் நின்று பந்து செத்துப்போனாலோ நடை போய்விடும். முழு மூட்டு மாற்றில் பந்தைக் கழுத்தோடு வெட்டி எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் நீளமான உலோகத் தண்டை இறக்கி, அதன் தலையில் புதுப் பந்தைப் பொருத்துவார்கள். ரீசர்ஃபேசிங்கில் சொந்தப் பந்து போவதில்லை. அதன் மேற்பரப்பைச் செதுக்கி உலோகத் தொப்பி கவிழ்ப்பார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல் வைப்பதற்கும் இருக்கிற பல்லுக்கு கேப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

தொப்பியின் கவர்ச்சி லேசானதல்ல. எலும்பு மிச்சமாகிறது; பிற்பாடு பழுதானால் முழு மாற்றுக்குப் போக இடம் இருக்கிறது. பந்து இயற்கை அளவிலேயே பெரிதாக இருப்பதால் கிண்ணத்தைவிட்டு எளிதில் நழுவாது. மேலை நாடுகளில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்பவர்கள் பெரும்பாலும் மூட்டு தேய்ந்த முதியவர்கள். இங்கே ஸ்டீராய்டாலோ குடியாலோ பந்துக்கு ரத்தம் போகாமல் போன முப்பது, நாற்பது வயதுக்காரர்களும், முதுகெலும்பு இறுகும் நோயில் இடுப்பும் சேர்ந்து இறுகிய இளைஞர்களும் ஏராளம். அவர்களிடம் போய், இனிமேல் சம்மணம் போடாதே, தரையில் குந்தாதே, கிராமத்து வீட்டில் இருக்கும் கழிப்பறையை இடித்துவிட்டு வெஸ்டர்ன் வை என்று சொன்னால் என்ன ஆகும்? ‘நம்மாட்கள் தரையில் உட்கார்கிறவர்கள்’ என்ற ஒரு வாக்கியமே இந்தியாவில் பெரிய பந்து மூட்டுகளுக்குப் போதுமான விளம்பரம்.

தொப்பி போடும் யோசனை புதிதும் அல்ல. முழு மூட்டு மாற்றின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜான் சார்ன்லியே 1950களின் கடைசியில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் டெஃப்லான் உறை போட்டுத்தான் தொடங்கினார். அது சரிவரவில்லை. தண்டு வைத்த பந்தும் டெஃப்லான் கிண்ணமும் என்று மாற்றினார். அதுவும் சில ஆண்டுகளில் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்கின. ஏறக்குறைய 300 நோயாளிகள். மனிதர் சும்மா இருக்கவில்லை. டெஃப்லான் துகளைத் தம் தொடைக்குள்ளேயே செலுத்தி என்ன ஆகிறது என்று பார்த்தார். தோற்றுப்போன மூட்டுகளைத் தம் கையாலேயே திறந்து எடுத்தார். 1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பாலிஎத்திலீன் கிண்ணம் பொருத்தத் தொடங்கியவர், இறந்த பிறகு மூட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்க நோயாளிகளிடம் உயிரோடு இருக்கும்போதே சம்மதமும் வாங்கி வைத்தார்.

தொப்பிக்கு மறுவாழ்வு கொடுத்தவர் பர்மிங்ஹாமின் டெரெக் மெக்மின். உலோகத்தின் மேல் உலோகம் உராயும்படி செய்த பழைய மூட்டுகள் சிலருக்குப் பல பத்தாண்டுகள் உழைத்திருப்பதைக் கவனித்து, 1991இல் கோபால்ட்–குரோமியம் தொப்பியை முயன்று பார்த்தார். 1997இல் ‘பர்மிங்ஹாம் ஹிப்’ சந்தைக்கு வந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி தந்தது 2006 மே மாதத்தில்தான். அதுவரை பொறுக்க முடியாத அமெரிக்கர்கள் சிலர் விமானம் ஏறிச் சென்னைக்கு வந்தார்கள். பர்மிங்ஹாமில் பயின்று வந்த டாக்டர் விஜய் போஸ் இங்கே அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டிருந்தார். உலகத்துக்கே தொப்பி போட்ட ஊர்களில் சென்னையும் ஒன்று என்பது இந்தக் கதையில் நமக்குள்ள பெருமை.

சந்தை சூடுபிடித்தால் போட்டியாளர் வராமல் இருப்பாரா? டீப்யூவின் ஏ.எஸ்.ஆர். 2003இல் வந்தது. தொப்பியாக ஒன்று, அதே கிண்ணத்தோடு தண்டு வைத்த முழு மாற்றாக இன்னொன்று, ‘ஏ.எஸ்.ஆர். எக்ஸ்.எல்.’. பர்மிங்ஹாம் கிண்ணத்தைவிட இதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. எலும்பைக் குறைவாகக் குடைந்தால் போதும், இடுப்பு இன்னும் தாராளமாக அசையும் என்பது கணக்கு. நடந்தது வேறு. கிண்ணம் ஆழமில்லாததால் பந்து அதன் விளிம்பில் ஏறி உராய்ந்தது. அறுவை மேசையில் கிண்ணம் ஒரு சில டிகிரி சாய்ந்து உட்கார்ந்தாலும் உராய்வு பன்மடங்கு ஆனது. கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் உதிர்ந்தன. கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் ஏறின.

இப்படிப்பட்ட இடுப்பைத் திறக்கும் அறுவை மருத்துவர் பார்ப்பது இது: சாம்பலும் கருப்புமாகக் கறை ஏறிய திசு, கலங்கிய திரவம் கட்டிய பைகள், சில சமயம் செத்துப்போய் நைந்த தசை. மூட்டைக் கழற்றி வேறு மாட்டிவிடலாம். போன தசையை எதை வைத்து ஒட்டுவது? நொண்டல் அப்படியே தங்கிவிடுவது இதனால்தான்.

அலாஸ்காவில் ஸ்டீபன் டவர் என்ற எலும்பு மருத்துவர் தம் இடுப்பிலேயே ஏ.எஸ்.ஆர். பொருத்திக்கொண்டவர். சில ஆண்டுகளில் காது மந்தமானது, யோசனை தடுமாறியது, இதயமும் தளர்ந்தது. ரத்தத்தைச் சோதித்தால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கும் மேல் கோபால்ட். 7-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு பின்னர் வகுத்த அளவு. மூட்டை மாற்றிய பிறகு தேறினார். தம் உடம்பையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். மருத்துவராக இருந்ததால் அவருக்குக் காரணம் பிடிபட்டது. காது மந்தத்துக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சாதாரண நோயாளி எங்கே போய்க் கேட்பார்?

இப்படி ஒரு மூட்டுக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கூத்து. அமெரிக்காவில் ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒன்றைப் போன்றதே இது என்று காட்டினால், மனிதர்கள் மேல் தனியாகச் சோதிக்காமலே உள்ளே வந்துவிடலாம். எக்ஸ்.எல். அந்த வழியில் 2005இல் வந்தது. அது யாரைப் போன்றது, அது மறுபடி யாரைப் போன்றது என்று பிற்பாடு ஆய்வாளர்கள் வேர் பிடித்துப் போனபோது, சுமார் ஐம்பது ஆண்டுகளில் 95 சாதனங்கள் வரை அந்த வம்சாவளி நீண்டது. தொப்பி மாதிரிக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. 2009 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி தர முடியாது என்று நிறுவனத்துக்கு எழுதியது. கடிதம் ரகசியமாகவே இருந்தது. அமெரிக்காவில் ஆகாத அதே தொப்பி வெளிநாட்டு இடுப்புகளுக்கு ஏற ஒரு தடையும் இல்லை.

ஏ.எஸ்.ஆர். பழுதாவதை அம்பலப்படுத்தியது பெரும்பாலும் பதிவேடுகள். ஸ்வீடன் 1979 முதல், ஆஸ்திரேலியா 1999 முதல், இங்கிலாந்து 2003 முதல் ஒவ்வொரு இடுப்பு மாற்றையும் பதிகின்றன: யாருக்கு, எந்த மருத்துவமனையில், எந்தக் கம்பெனியின் எந்த மாதிரி, மறுபடி திறக்க நேர்ந்ததா, எப்போது. ஆஸ்திரேலியப் பதிவேடு 2007 அறிக்கையிலேயே ஏ.எஸ்.ஆர். தொப்பி எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பழுதாகிறது என்று பெயர் சொல்லி எழுதியது. 2009 டிசம்பரில் நிறுவனம் அந்த நாட்டுச் சந்தையிலிருந்து மட்டும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. இங்கிலாந்துப் பதிவேட்டில், பொருத்திய 5 ஆண்டுக்குள் தொப்பிகளில் 12 சதவீதமும் எக்ஸ்.எல்.-களில் 13 சதவீதமும் மறு அறுவைக்கு வந்திருந்தன. எட்டில் ஒருவர். நல்ல மூட்டுகளில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர் வந்தாலே அதிகம். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் ஏ.எஸ்.ஆர். திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 93,000 பேரின் இடுப்புக்குள் அது போய்விட்டிருந்தது.

அதே பதிவேடுகள் இன்னொரு உண்மையையும் சொல்லின. பர்மிங்ஹாம் தொப்பி, உடல்வாகு பெரிய, வயது குறைந்த ஆண்களிடம் நன்றாகவே உழைத்தது. பந்து சிறிதாக உள்ள பெண்களிடம் சீக்கிரம் தோற்றது. 2015இல் அதன் தயாரிப்பாளரே சிறிய அளவுகளைத் திரும்பப் பெற்று, பெண்களுக்குப் பொருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாதாரண முழு மாற்றைப் பொறுத்தவரை, 25 ஆண்டு தாக்குப்பிடிப்பவை 58 சதவீதம் என்று 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வும் பதிவேடுகளிலிருந்து எடுத்த கணக்கே. ஆக, எது நல்லது என்ற கேள்விக்கு இன்றைக்குத் தெளிவான பதில் உண்டு: பெரும்பாலோருக்கு முழு மாற்றே, மர்ரியைப் போன்ற சிலருக்கு, அதில் கை பழகிய மருத்துவரும் கிடைத்தால், தொப்பியைப் பற்றி யோசிக்கலாம். இந்தப் பதிலில் ஒரு வரிகூட இந்தியக் கணக்கிலிருந்து வரவில்லை.

இந்தியாவில் ஏ.எஸ்.ஆர். இறக்குமதிக்கு உரிமம் கிடைத்தது 2006இல். சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டது. 2010இல் உலகமே திரும்பப் பெற்றபோது இங்கே மகாராஷ்டிர மாநில உணவு, மருந்து நிர்வாகம் ஓரளவு துடித்தது, புகார் பதிந்தது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு தழுவிய எச்சரிக்கையை வெளியிட்டது 2013 டிசம்பரில். மூன்று ஆண்டுகளுக்கு மேல். நிபுணர் குழு அமைத்தது 2017இல். டாக்டர் அருண் அகர்வால் தலைமையிலான அந்தக் குழு 2018இல் அறிக்கை தந்தபோது, ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றது. இடுப்புக்குள் கோபால்ட் உதிர்த்துக்கொண்டிருக்கும் ஒரு பொருளோடு 3,600 பேர் இந்த நாட்டின் ஜனத்திரளுக்குள் கலந்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தமிழ்நாட்டில்? சொல்வதற்கு ஆளில்லை.

இழப்பீட்டின் கதையும் இதையேதான் சொல்கிறது. அமெரிக்காவில் 2013இல் சுமார் 8,000 பேருக்கு 250 கோடி டாலர் என்று உடன்பாடு வந்தது. தலைக்கு அடிப்படைத் தொகையே ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய். இந்தியாவில் நட்ட ஈட்டைக் கட்டாயமாக வசூலிக்க மருந்துச் சட்டத்தில் இடமே அப்போது இல்லை. மத்திய அரசு 2018இல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று ஒரு சூத்திரம் வகுத்தது. நிறுவனம் நீதிமன்றம் போனது. அந்த வழக்கின் நடுவே வந்ததுதான் 67 பேருக்கான 25 லட்சம். 4,700 எங்கே, 67 எங்கே?

நிறுவனத்தைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். 5 ஆண்டுக்குள் 37 சதவீத எக்ஸ்.எல்.-கள் தோற்கும் என்று அது தனக்குள் 2011இல் கணக்கிட்டு வைத்திருந்ததும் அமெரிக்க வழக்குகளில்தான் வெளியே வந்தது. ஆனால் நிறுவனம் கெட்டதாக இருந்த எல்லா நாடுகளிலும் நோயாளிகள் தொலைந்துபோகவில்லையே. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,700 பேர் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டு 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் வாங்கினார்கள். தனக்குள் இருப்பது எது என்று தெரிந்தவர்தான் வழக்குப் போட முடியும்.

ஒவ்வொரு செயற்கை மூட்டும் வரும் பெட்டிக்குள் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் சில இருக்கும். தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், ‘லாட்’ எண், அளவு, காலாவதித் தேதி, ஒரு பார்கோடு. கட்டைவிரல் அகலம்தான். அறுவை அரங்கில் ஒன்றை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். காப்பீட்டுப் பணம் கோரும்போது பில்லோடு இன்னொன்றை இணைக்கச் சொல்வது வழக்கம். போடாத மூட்டுக்கு யாரும் பணம் கேட்டுவிடக் கூடாதே! அதாவது, பணம் சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க நம்மிடம் ஸ்டிக்கர் இருக்கிறது. அதே ஸ்டிக்கரை வைத்து நோயாளி எங்கே போனார் என்று பார்க்க ஓர் ஏற்பாடு இல்லை. கோப்பு சில ஆண்டுகளில் மருத்துவமனையின் பழைய தாள் மூட்டையோடு போய்விடுகிறது. நோயாளியின் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் பல சமயம் ‘வலது இடுப்பு மாற்றப்பட்டது’ என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மருத்துவ சாதனங்களுக்கென்று தனி விதிகள் 2018 ஜனவரி முதல் அமலில் உள்ளன. சாதனங்களால் வரும் பாதிப்புகளைத் தெரிவிக்க 2015இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறது. இடுப்பு, முழங்கால் மருத்துவர்களின் சங்கம் 2006 முதல் தன்னார்வமாக ஒரு பதிவேடு நடத்துகிறது. தன்னார்வம் என்பதே அதன் ஓட்டை. தம் கையில் தோற்ற மூட்டைத் தாமே முன்வந்து பதியும் மருத்துவர்கள் இருக்கலாம், ஆனால் அவர்களை நம்பி ஒரு நாட்டின் கணக்கை ஒப்படைக்க முடியாது. பதிவு கட்டாயமானால் வழக்குகள் பெருகும், சின்ன மருத்துவமனைகளுக்குச் சுமை கூடும் என்று மருத்துவர்கள் தரப்பில் சொல்லப்படுவதை அடியோடு தள்ளவும் முடியாது. பதிவேட்டில் மருத்துவர் பெயரை வெளியிடாமல் மூட்டின் பெயரை மட்டும் வெளியிட வழி உண்டு.

டெல்லி செய்யட்டும் என்று தமிழ்நாடு காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கர்ப்பிணி ஒருவர் ‘பிக்மி’ என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்காவிட்டால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்று விதி போட்டு நடத்திக்காட்டும் மாநிலம் இது. சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் யார் முன்னால், யார் பின்னால் என்ற பட்டியலை மாநில உறுப்பு மாற்று ஆணையம் வைத்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் மூட்டு மாற்று நடக்கிறது. பணம் போகும் பாதை முழுக்கக் கணினியில் இருக்கிறது. அந்தப் பாதையில் லாட் எண்ணுக்கு ஒரு கட்டம், மறு அறுவைக்கு ஒரு கட்டம் சேர்த்து, பதியாத மருத்துவமனைக்குப் பணம் இல்லை என்று சொன்னால் போதும், பாதிப் பதிவேடு உருவாகிவிடும். மீதிப் பாதி, காப்பீடு இல்லாமல் கைக்காசு கொடுத்துச் செய்துகொள்பவர்கள். அதற்கு மருத்துவமனை உரிமத்தோடு பதிவை முடிச்சுப் போட வேண்டும்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சில ஆண்டுகளாக உலோகத்துக்குப் பதில் செராமிக் தொப்பியைப் பொருத்திப் பார்க்கிறார்கள். கோபால்ட் பயம் இல்லை, பெண்களுக்கும் பொருந்தலாம் என்ற நம்பிக்கையோடு. அது நன்றாகவே இருக்கலாம். ஏ.எஸ்.ஆர். வந்தபோதும் நன்றாக இருக்கும் என்றுதான் சொன்னார்கள். இன்றோ நாளையோ அது இங்கே வந்து இறங்கும்போது முதல் தொப்பியிலிருந்தே எண்ணத் தொடங்க ஓர் ஏடு திறந்திருக்க வேண்டும்.

அதுவரை நோயாளிகள் தங்கள் கணக்கைத் தாங்களே வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. மூட்டு மாற்றுச் செய்துகொள்பவர்கள் ஸ்டிக்கர் ஒன்றைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிக்கொள்ளலாம். மறுப்பதற்கு மருத்துவமனைக்கு ஒரு காரணமும் கிடையாது. 2003க்கும் 2010க்கும் இடையில் இடுப்பில் உலோகம் பொருத்திக்கொண்டவர்கள், வலி இல்லாவிட்டாலும், பழைய தாள்களைத் தேடி எடுத்து அது எந்த மாதிரி என்று பார்ப்பது நல்லது. ஏ.எஸ்.ஆர். என்றால் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவையும், உலோகம் இருந்தாலும் படம் தெளிவாக விழும்படி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யையும் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாள் இல்லாதவர்கள் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போகலாம். பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகமா என்பது பழகிய கண்ணுக்கு அதிலேயே பிடிபடும்.